நட்டம் பட்ட பிறகு மறுபடியும் தலைவியாக நிற்க மனம் வரவில்லை, என்ன செய்வது?

சல்லிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கதைத்துக் கதைத்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

நான் திருகோணமலை, நிலாவெளி றோட்டுப் பக்கம். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 27 பேர். 2021இல் என்னைத் தலைவியாகப் போட்டார்கள். அதற்கு முன் கூட்டத்தில் நாலு வசனம் சேர்த்துக் கதைத்த ஆள் இல்லை நான். ஆனால் போகப் போகப் பிடித்துக்கொண்டேன். பிரதேச செயலகத்துக்குப் போய் உத்தியோகத்தரோடு நேராகக் கதைப்பது, வங்கிப் புத்தகத்தை விரித்து எல்லோருக்கும் காட்டுவது, முகம் பாராமல் இருந்த இரண்டு பேரை ஒரே பாயில் இருத்துவது, எல்லாம் செய்தேன். எனக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று நானே நினைத்த காலம் அது.

2023இல் நெத்தலிக் கருவாடு போடுவோம் என்று நான்தான் சொன்னேன். ஆடி, ஆவணியில் நன்றாகப் போனது. போட்டது எல்லாம் விற்றது. நத்தாருக்கு இன்னும் கூடக் கேட்டார்கள். ஐப்பசியில் முதல் கிழமை நல்ல வெயில், அதை நம்பி 300 கிலோ பச்சை மீன் ஒரேயடியாக வாங்கச் சொன்னேன். மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஐந்து நாள் சூரியனைக் காணவில்லை. இரவு இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துக்கொண்டு தறப்பாளைத் தூக்கிப் பார்த்தால் அடித் தட்டில் மீன் வழுவழுத்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. உப்பு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 1,12,000 ரூபாய் நட்டம். ஆளுக்கு மாதம் 300 ரூபாய்படி 27 பேரும் சேர்க்கும் காசில் அது கிட்டத்தட்ட 14 மாதச் சேமிப்பு.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஒரு மாமி மட்டும், "நீ சொன்னபடியால்தான் போட்டோம் பிள்ளை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது உத்தியோகத்தர்கள், சூரிய உலர்த்தி ஒன்றுக்குப் பாதிக் காசு உதவியாகத் தருகிறோம், மீதி 2,50,000 சங்கம் போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் வங்கியில் இருப்பதில் பெரும்பகுதி போய்விடும். மழைக்காலத்திலும் காய வைக்கலாம் என்கிறார்கள், சரிவருமா தெரியாது. அடுத்த மாதம் வருடாந்தப் பொதுக்கூட்டம், திரும்பவும் என்னையே நிற்கச் சொல்கிறார்கள். முந்தி ஒரு முடிவைச் சொல்லும்போது குரல் நடுங்காது. இப்போது "நீங்கள் எல்லோரும் கதைத்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுகிறேன், கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைகிறது. வீட்டுக்காரர், "விடு, வேறு ஆள் பார்க்கட்டும்" என்கிறார். விடவும் மனம் இல்லை. பலன் எப்படி வரும் என்று தெரியாமலே திரும்பவும் முன்னுக்கு நிற்கும் துணிவு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உண்மையாகவே கேட்கிறேன்.

கரைவலை மகன் எழுதியது:

அக்கா, என்னுடைய அப்பா கரைவலையில் மண்டாடி, எப்போது வலை விடுவது என்று சொல்கிறவர். காலையில் கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், பறவை எங்கே தாழ்கிறது என்று பார்ப்பார், பிறகு "வளை" என்பார். தோணி வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுத்து மடி, மீன் சேரும் வலைப் பை, கரைக்கு வர வெயில் உச்சிக்கு ஏறிவிடும். இழுக்கிறவர்களுக்கு நாட்சம்பளம் கிடையாது, பங்குதான். மடி வெறுமனே வந்தால் அத்தனை வீட்டிலும் அன்றைக்கு ஒன்றும் இல்லை. சொன்னது ஒரு ஆள், நட்டம் முப்பது பேருக்கு. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்தது.

வெறும் மடி வந்த அன்று அப்பா வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய், "நான்தான் வளைக்கச் சொன்னேன், நீவாடு (நீரோட்டம்) மாறினதை நான் கவனிக்கவில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். பிறகு கயிறு சுருட்ட முதல் ஆளாகப் போவார். அடுத்த நாள் அதே இடத்தில் நிற்பார். அவருக்குப் பயம் இருக்கவில்லை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு அம்மா சொன்னார், முதல் நாள் வெறுமனே வந்தால் அன்றிரவு நித்திரையே கொள்ள மாட்டாராம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2020 மார்கழி 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது நினைவிருக்கும். நான் அப்போது எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் செயலாளர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டதும், படகு எல்லாவற்றையும் மேலே இழுக்க வேண்டும், இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கள் கரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "இவனுடைய கதையைக் கேட்டுத் தொழிலும் போய் இடுப்பும் போனது" என்று ஏசினார்கள். கொஞ்ச நாள் சந்திப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன், அன்று கையில் இருந்த செய்திக்கு அதுதான் சரியான முடிவு. திரும்ப அதே அறிவித்தல் வந்தால் திரும்பவும் இழுக்கத்தான் சொல்வேன். பலன் நல்லதாக வந்தது என்பதால் எடுத்த முடிவு நல்லதாகிவிடாது, கெட்டதாக வந்தது என்பதால் முடிவு கெட்டதாகியும் விடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்கு நிற்க முடிந்தது.

அப்படிப் பார்த்தால் உங்கள் முடிவில் கருவாடு போட்டது பிழை இல்லை. ஐப்பசியில் 300 கிலோவை ஒரேயடியாக வாங்கியதுதான் பிழை. வாடைக்காற்று தொடங்கும் மாதம் என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த ஒரு பிழையை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள், மழையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது நான் தலைவர். இரண்டு வீட்டுக்கு ஒரு படகு என்று முறை வைத்தோம். ஆறு வீடு ஒத்துக்கொண்டது, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது வெற்றியா தோல்வியா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஆறு வீடும் கடலுக்குப் போனது.

வார்டு விளக்கு எழுதியது:

அக்கா, நான் தாதி. உங்கள் எழுத்தில் எனக்குப் பயத்தைத் தந்த வரி நட்டத் தொகை இல்லை, "ஒருவரும் என்னை ஏசவில்லை" என்பதுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பற்றி ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்த எண்ணிக்கை தலைகீழாக இருந்தது, நல்ல குழுக்களில்தான் கூடப் பிழை பதிவாகியிருந்தது. பிறகுதான் விளங்கியது, அவர்கள் கூடப் பிழை விடவில்லை, விட்டதை ஒளிக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயத்தில் மூடி வைத்தார்கள். எங்களுக்கு ஒரு பயிற்சியில் இதைச் சொல்லித் தந்தார்கள். கேட்டபோது எங்கள் வார்டு சிஸ்டர் ஞாபகம் வந்தார். ஒரு நாள் காலையில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "நேற்று மருந்து நேரத்தை நான்தான் பிழையாக எழுதினேன், நல்ல காலம் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்தாள்" என்றார். அதுவரை அவரிடம் கேள்வி கேட்கவே பயந்த நாங்கள் அன்றையிலிருந்து சந்தேகம் வந்தால் வாய் திறந்தோம்.

அதனால் ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். அந்த 300 கிலோ வாங்கிய அன்று மழை வரும் என்று உங்கள் 27 பேரில் ஒருவருக்குமா தோன்றவில்லை? கடலோடு பிறந்து வளர்ந்த பெண்கள். யாருக்காவது தோன்றியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

கிண்ணியாக்காரி எழுதியது:

எனக்கு இங்கே எல்லோரும் சொல்வதில் முழு உடன்பாடு இல்லை தங்கச்சி. துணிவு துணிவு என்கிறோம், அது யாருடைய காசில்? மாதம் 300 ரூபாய் போடும் பெண் அதை முட்டை விற்றுப் போடுகிறாள், பாய் இழைத்துப் போடுகிறாள். நானும் ஒரு குழுவை நடத்துகிறேன். கிழமைக் கடன் எடுத்துக் கட்ட ஏலாமல் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது பின்பக்கத்தால் போன பெண்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் உங்களுக்கு வந்திருக்கும் பயத்தைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். அது நல்ல பயம், அதைத் துரத்தாமல் அதனிடம் வேலை வாங்குங்கள்.

எப்படி என்றால், 2,50,000 போடுவதா இல்லையா என்று கூட்டத்தில் கேட்க வேண்டாம். "எவ்வளவு போனால் நாம் தாங்குவோம்?" என்று கேளுங்கள். பத்தாயிரம் என்று சொல்வார்கள், பதினைந்து என்று சொல்வார்கள். அந்தத் தொகைக்குள் முதலில் ஒரு சின்னப் பெட்டி செய்யுங்கள். பலகைச் சட்டம், உள்ளே கறுப்பு அடித்த தகரம், மேலே கண்ணாடி அல்லது தடித்த பொலித்தீன், கீழே ஒரு பக்கம் காற்றுப் போகவும் மேலே மறுபக்கம் ஈரம் வெளியேறவும் துளை, துளைக்கு நுளம்பு வலை. நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். பத்துக் கிலோ நெத்தலி போட்டுப் பாருங்கள், காய்ந்தால் மூன்று கிலோ மட்டில் வரும்.

ஆனால் வைகாசியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். வைகாசி வெயிலில் பாயில் போட்டாலும் காயும். கார்த்திகையில் போட்டுப் பாருங்கள். வானம் மூடியிருக்கும் நாளில் எங்களுடையதிலும் சரிவரவில்லை, அடியில் அடுப்புச் சூடு கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்குத் தரப்போகும் இயந்திரத்தில் மழை நாளுக்கு என்ன வழி என்று உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் ஏற்கெனவே வாங்கிய ஒரு சங்கத்துக்கு மாரியில் நேரே போய்ப் பாருங்கள்.

பொதுக்கூட்டத்தில் நிற்பது வேறு விசயம். அதில் நில்லுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

பழைய கூட்டுறவு எழுதியது:

மகள், கூட்டுறவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். நாங்கள் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது றொச்டேல் கதை. 1844 மார்கழி 21ஆம் திகதி இங்கிலாந்தின் றொச்டேல் ஊரில் 28 பேர், பலர் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுண் காசு போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் கொஞ்ச மெழுகுதிரியும்தான் சரக்கு. அதற்கு முன் அதே ஊரில் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்துக் கொடுத்தே மூடப்பட்டிருந்தது. இவர்கள் அதைப் பார்த்துத்தான் கைக்காசுக்கு மட்டும் விற்பது என்று விதி போட்டார்கள். உங்களிடமும் விழுந்த கதை ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு விதி எழுதி நிர்வாகக் குழுவில் நிறைவேற்றிக் கூட்டறிக்கையில் ஏற்றுங்கள். ஐப்பசி முதல் தை வரை இத்தனை கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை என்று. இனி வரும் தலைவிக்கும் அது உதவும்.

அடுத்தது, ஒரு மாதக் கூட்டத்தை உப தலைவியை நடத்த விட்டுவிட்டு நீங்கள் பாயில் இருந்து கேளுங்கள். தலைமையில் வளர்வது என்றால் எப்போதும் முன்னால் நின்று கதைப்பது என்றுதான் நானும் இளமையில் நினைத்திருந்தேன்.

சல்லிக்கரை எழுதியது:

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லோருக்கும் மிக்க நன்றி. எழுதியதை எல்லாம் மகளைக் கொண்டு சத்தமாக வாசிக்க வைத்து இவரும் கேட்டார்.

போன ஞாயிறு மாதக் கூட்டம். அய்யா சொன்னபடி உப தலைவியை நடத்தச் சொல்லிவிட்டு நான் பாயில் இருந்தேன். என் முறை வந்ததும் 2023 கணக்கை ஒரு வரி விடாமல் வாசித்தேன். 300 கிலோ வாங்கச் சொன்னது என் பிழை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் நிறுத்தவில்லை. பிறகு தாதித் தங்கச்சி எழுதிய கேள்வியைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மாமிதான், "அன்றைக்குக் காலையிலேயே காற்று திரும்பிவிட்டது பிள்ளை, எனக்குத் தெரியும். நீ தலைவி, எல்லாம் விசாரித்துத்தான் சொல்லியிருப்பாய் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார். அவர் அழுதார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் அப்படித் தோன்றியது என்றார்கள். எனக்கு அந்த இடத்தில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரண்டு வருடமாக அவர்களும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் என்னைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு உறுப்பினர் சேமிப்பை எடுத்துக்கொண்டு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார், அவருக்கு அது சரி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். பெரிய இயந்திரத்துக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மழை நாளைப் பற்றி எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. தாங்கக்கூடிய நட்டம் 12,000 என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், அந்தக் காசில் கிண்ணியா அக்கா சொன்ன பெட்டி. மாமியின் வளவில்தான் வைக்கப் போகிறோம். மீன் எப்போது வாங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் நான் நிற்கிறேன்.

கிண்ணியா அக்கா, ஒரு சந்தேகம். மேலே போடும் பொலித்தீன் எத்தனை மாதம் தாங்கும்? எங்கள் பக்கம் உப்புக் காற்று, கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கண்ணாடியே போட்டுவிடுவது நல்லதா? சட்டத்துக்கு வேம்புப் பலகை இருக்கிறது, அதுவே போதுமா?