பேக்ஃபில்: ‘பின்நிரப்பல்’ வேண்டாம், ‘ஊடுபணி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் தொகுதியில், வரிசையில் பின்னால் நிற்கும் சின்னப் பணியைச் சும்மா கிடக்கும் இடத்தில் முன்னதாக ஓடவிடுவதைப் பேக்ஃபில் (backfill) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பின்நிரப்பல்’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். எனக்கு அது ஒப்பவில்லை. கடைக்கால் பறித்துச் சுவர் எழுப்பியபின் மிச்சப் பள்ளத்தில் மண் தள்ளுகிறோமே, அதற்கு அந்தச் சொல் பொருந்தும். கணினித் தொகுதியில் நடப்பது வேறு.

10 கணு (node, தொகுதியில் உள்ள தனிக் கணினி) உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். 6 கணுவில் ஒரு பணி ஓடுகிறது. முடிய இன்னும் 4 மணி நேரம். வரிசையின் தலையில் நிற்கும் பணிக்கு 10 கணுவும் வேண்டும், காத்திருக்கிறது. மீதி 4 கணு சும்மா கிடக்கிறது. பின்னால் ஒரு சின்னப் பணி 3 கணுவை 2 மணி நேரம் கேட்கிறது. விடலாம்; தலைப்பணியின் முறை வருமுன் முடிந்துவிடும். அதே 3 கணுவை 6 மணி நேரம் கேட்டால் விடக்கூடாது. தலைப்பணி 2 மணி நேரம் தள்ளிப்போகும். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் சின்னதுகளை விட்டுக்கொண்டே இருந்தால் பெரிய பணி பட்டினி கிடக்கும். ஆக, தலைப்பணிக்கு முன்பதிவு, அது கெடாதபடி மற்றவற்றுக்கு இடம். ‘நிரப்பல்’ இதில் பாதியைத்தான் சொல்கிறது.

நம் வயலில் இதற்குச் சொல் இருக்கிறது. கரும்பு நட்டவர் பார் இடைவெளியில் உளுந்து போடுகிறார். உளுந்தின் வயது ஏறத்தாழ 70 நாள். கரும்பு வளர்ந்து நிழல் கட்டுவதற்குள் பறித்துவிடலாம். முதற்பயிருக்குக் கேடில்லை, மண்ணும் வெறுமனே கிடக்கவில்லை. அது ஊடுபயிர். இது ஊடுபணி. ‘ஊடுபயிர் சாகுபடி’ போல ‘ஊடுபணி முறை’ என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

‘ஊடு’ என்றால் ஊடுருவல் நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். ஊடகம், ஊடுகதிர் எல்லாம் அந்த ஐயம் இல்லாமல் வழங்குகின்றனவே.

உவமையில் எனக்கு மிகவும் பிடித்தது பயிரின் வயதுதான். நான் பார்த்துக்கொள்ளும் தொகுதியில் போன வாரம் ஒரு மாணவர் திரையைக் காட்டி, “எனக்குப் பின்னாடி வந்தவரோட வேலை முன்னாடி ஓடுது, என்னோடது மட்டும் ஏன் சார் நிக்குது?” என்றார். 2 மணி நேர வேலைக்கு, கேட்ட நேரம் தீர்ந்து பாதியில் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தில், 24 மணி நேரம் எழுதியிருந்தார். 70 நாள் உளுந்தை ஆண்டுப்பயிர் என்று எழுதிக்கொடுத்தால் யார் இடைவெளியில் விதைக்க விடுவார்கள்? அப்படிச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். 3 மணி நேரமாகக் குறைத்தார், வேலை ஓடியது.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். 1995 இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் எஸ்பி கணினிக்கான ஈஸி (EASY) என்ற பணித் திட்டமிடல் முறையை டேவிட் லிஃப்கா விவரித்தார். அதில் முன்பதிவு வரிசையின் முதல் பணிக்கு மட்டுமே. அதைத் ‘தலைகாக்கும் ஊடுபணி முறை’ எனலாம். காத்திருக்கும் எல்லாப் பணிக்கும் முன்பதிவு தரும் கன்சர்வேட்டிவ் (conservative) வகைக்கு ‘வரிசைகாக்கும் ஊடுபணி முறை’. ‘பழமைவாதப் பின்நிரப்பல்’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். அரசியல் கட்டுரையிலிருந்து வழிதவறி வந்த சொல் போலிருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தொகுதிகளில் பணிகளை வரிசைப்படுத்தி ஓடவிடும் ஸ்லர்ம் (Slurm) மென்பொருள் இயல்பாகவே பேக்ஃபில்லோடுதான் வருகிறது. அதன் கையேட்டை மொழிபெயர்ப்பவர்களுக்கு வினைச்சொல்லும் தேவைப்படும். ‘ஊடேற்று’ என்று எழுதிப் பார்த்தேன்: “இப்பணி ஊடேற்றப்பட்டது.” படிக்க எப்படி இருக்கிறது? இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.