கேஸ் டார்ச் தீயில் செய்த கண்ணாடி மணிகள் விரிசல் விடுகின்றன, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

நெய்தல், பினாங்கு:
வணக்கம். 40 மணி செய்தேன், 17 போய்விட்டது. சில, உருக்கிச் சுற்றிய கம்பியிலிருந்து கழற்றும்போதே விரிந்தன. சில நான்கைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு, யாரும் தொடாமலே மேசையில் 'டிக்' என்று இரண்டாகின. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் தோழியின் கடையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எதனால் இப்படி? சீக்கிரம் சொல்லுங்கள்.

அகல்:
என்ன கண்ணாடி, சீக்கிரம் இளகும் மொரெட்டியா, அதிகச் சூடு கேட்கும் போரோவா? எவ்வளவு பெரிய மணி? எப்படி ஆறவைக்கிறீர்கள்? விரிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? படம் போடுங்கள்.

செந்தூல்காரன்:
ஃபேன்தான். என் அறையிலும் இதே கதை. ஒரு பக்கம் தீ, மறு பக்கம் காற்று, கண்ணாடி எப்படித் தாங்கும்? சீலிங் ஃபேனை நிறுத்திய அன்றோடு எனக்கு விரிசல் நின்றது. வேர்க்கும், பரவாயில்லை.

குயவர் வீடு:
ஃபேன் என்றால் அன்றைக்கே விரியும், ஐந்து நாள் காத்திருக்காது. கம்பியைப் பாருங்கள். களிமண் பூச்சு மெல்லியதாக இருந்தால் கண்ணாடி எஃகைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, ஓட்டையிலிருந்து கீறல் கிளம்பும். நான் கம்பியைக் களிமண் கரைசலில் முக்கியதும் முழுக்க உலரவிட்டுத்தான் தீயில் காட்டுவேன்.

பழைய உலை:
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? டார்ச் வாங்கப் பணம் இருக்கிறது, படிக்க நேரம் இல்லை. சூளை இருக்கிறதா? இல்லையென்றால் மற்றப் பேச்சு எல்லாம் வீண்.

நெய்தல்:
மன்னிக்கவும். மொரெட்டி. 14 கிலோ கேஸ் தோம்பு. சூளை இல்லை, வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் புதைத்துவைக்கிறேன். காலையில் எடுப்பேன்.

பழைய உலை:
அதைத்தான் நினைத்தேன். புதைப்பது ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அது அனீலிங் ஆகாது; அனீலிங் என்றால் ஒரே சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு மெதுவாக இறக்குவது. வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்ளே பிறகு சுருங்கும், அந்த இழுவிசை மணிக்குள்ளேயே தங்கிவிடும். ஒருநாள் வெடிக்கும். மொரெட்டிக்கு 510 முதல் 520 டிகிரி செல்சியஸ். சிறு மணி என்றால் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 400 வரை இறக்கிவிட்டு அணைக்கலாம்.

தாமரைக்குளம்:
அரிக்கமேட்டில் எந்த மின்சூளை இருந்தது? 2000 வருடத்துக்கு முன் நம் ஆட்கள் செய்த மணி இன்னும் முழுசாகக் கிடைக்கிறதே.

பழைய உலை:
அது வேறு முறை. குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை மழுக்கிய மணி. பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறியது உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிவிடும். உடைந்தவை எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

குயவர் வீடு:
அரிக்கமேடுவரை போவானேன்? இங்கே கெடாவில், சுங்கை மாஸில் அதே வகை மணி செய்திருக்கிறார்கள்.

தாமரைக்குளம்:
அங்கே கிடைத்ததெல்லாம் கப்பலில் வந்தது.

குயவர் வீடு:
வந்ததும் உண்டு, செய்ததும் உண்டு. மணி செய்தபோது மிஞ்சிய கழிவுக் கண்ணாடியும் அங்கே கிடைத்திருக்கிறது. கழிவை யார் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள்?

அகல்:
அண்ணா, அக்கா, அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். நெய்தல், விரிசல் எங்கே ஓடுகிறது என்று இன்னும் சொல்லவில்லை. ஓட்டையைச் சுற்றி என்றால் பூச்சு, அல்லது கம்பிப் பக்கம் சூடு போதவில்லை. நடுவில் இரண்டாகப் பிளந்தால் அனீலிங். ஒரு நிறத்தின் ஓரமாகவே வளைந்து போனால் வேறு விஷயம்.

நெய்தல்:
நிறைய புள்ளியின் ஓரமாகத்தான். பச்சைப் புள்ளி. அது பாட்டில் கண்ணாடி, உடைத்து உருக்கினேன். சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அகல்:
அதுதான் முதலில் சொல்ல வேண்டியது! சூட்டில் எவ்வளவு விரியும் என்று காட்டும் விரிவு எண் மொரெட்டிக்கு 104. பாட்டில் கண்ணாடி 90-ஐ ஒட்டி இருக்கும். ஆறும்போது மொரெட்டி அதிகம் சுருங்கும், பச்சை குறைவாகச் சுருங்கும். சூளையில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இந்தச் சண்டை தீராது. லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, அதன்முன் மணியைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியே பாருங்கள். கூலிங் கிளாஸைத் திருப்பத் திருப்பத் திரை ஒரு நிலையில் கறுக்கும். அப்போது புள்ளியைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் அங்கே இழுவிசை இருக்கிறது. ஒளி ஊடுருவும் மணிக்குத்தான் இது சரிவரும். பச்சைப் புள்ளி வைத்தவற்றை தயவுசெய்து விற்காதீர்கள். ஒரு குழந்தையின் கழுத்தில் விரிந்தால் முனை கிழிக்கும்.

செந்தூல்காரன்:
ஃபேனையும் நிறுத்துங்கள்.

குயவர் வீடு:
விரியாத மற்ற மணிகளைக் காப்பாற்றலாம். சூளை குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து, மெதுவாக ஏற்றி, பழைய உலை சொன்ன கணக்கில் இறக்க வேண்டும். எனக்கு பிறை (Prai) ஊரில் பானை வகுப்பு நடத்தும் ஓர் அக்காவைத் தெரியும், சூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் உண்டு. தனிச்செய்தி அனுப்புகிறேன்.

பழைய உலை:
குளிர்ந்த சூளை என்பதை மறக்க வேண்டாம். சூடான சூளையில் நேரே போட்டால் மிச்ச 23-உம் போகும்.

நெய்தல் (ஆறு நாள் கழித்து):
பச்சை இல்லாத 12-ஐ அந்த அக்கா சூளையில் வைத்துத் தந்தார். இதுவரை ஒன்றும் விரியவில்லை. பச்சை வைத்த 11-ஐக் கடைக்கு அனுப்பவில்லை, அதில் நேற்று இன்னொன்று போனது. எல்லாருக்கும் நன்றி, வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.