முட்டி டெண்டன் எலாஸ்டோகிராபி: ஒரே காலுக்கு ரெண்டு நாள்ல ரெண்டு ரீடிங், எங்க தப்பு பண்றேன்?

பிசியோ_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம், எம்பிடி கடைசி வருஷம் படிக்கிறேன். வாலிபால் ஆடுற பசங்களுக்கு முட்டி சில்லுக்குக் கீழ இருக்கிற பட்டெல்லார் டெண்டன் (தசைநாண்) எவ்வளவு விறைப்பா இருக்குன்னு ஷியர் வேவ் எலாஸ்டோகிராபில, அதாவது அல்ட்ராசவுண்ட் மெஷின் திசுவுக்குள்ள ஒரு அலைய உண்டாக்கி அது ஓடுற வேகத்துலேர்ந்து விறைப்ப கணக்கு போடுற முறையில, அளக்கிறதுதான் தீசிஸ். ஒரு பையனுக்கு திங்கக்கிழமை விறைப்பு 90 கிலோபாஸ்கல் வந்துச்சு, வியாழக்கிழமை அதே கால், அதே மெஷின், 210 காட்டுது! மெஷின் காட்டுற கலர் படத்துல நடுவுல கலரே விழாம ஓட்டை ஓட்டையாவும் தெரியுது. படுக்க வெச்சு முட்டிக்கு அடியில தலகாணி குடுத்துதான் எடுக்கிறேன், தீசிஸ் கைட்கிட்ட நேரம் கேட்டா கிடைக்கல, 14 பேருக்கு எடுத்து முடிச்சாச்சு, பயமா இருக்கு.

ஸ்கேன்_டாக்டர்:
தலகாணிலதான்மா விஷயம் இருக்கு. வீணைத் தந்திய முறுக்க முறுக்க அலை வேகமா ஓடும்ல, டெண்டனும் அப்படித்தான், முட்டிய மடக்க மடக்க டெண்டன் இழுபடும், ஷியர் வேவ் வேகம் ஏறிடும். நீங்க பாக்குறது டெண்டனோட தன்மை மட்டும் இல்ல, அந்த நிமிஷம் அதுல இருக்கிற இழுவையும் சேர்த்துதான். 2018ல விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்துல இதையே உபயோகமா மாத்தி, டெண்டன லேசா தட்டி அலை வேகத்துலேர்ந்து அதுல விழுற சுமைய கணக்கு போட்டாங்க. அதனால கோனியோமீட்டர் (மூட்டுக் கோணம் அளக்கிற கருவி) வெச்சு 30 டிகிரின்னு ஒண்ண முடிவு பண்ணி எல்லாருக்கும் அதே வைங்க, தொடைத்தசைய முழுசா தளர விடச் சொல்லுங்க. ப்ரோப் (தோல் மேல வைக்கிற ஸ்கேன் கருவி) டெண்டனோட நார் ஓடுற திசையில நீளவாக்குல இருக்கணும், ஜெல்ல தாராளமா போட்டு அது மேல மிதக்குற மாதிரி பிடிங்க, அழுத்தாதீங்க. ப்ரோப் சாய்ஞ்சாலும் ஓட்டை விழும், முட்டி ரொம்ப மடங்கி வேகம் மெஷினோட உச்ச வரம்ப தாண்டினாலும் விழும். 800 கிலோபாஸ்கல் வரைக்கும் காட்டுற மெஷின்ல அந்த வரம்பு நொடிக்கு சுமார் 16.3 மீட்டர்.

மெக்கானிக்ஸ்_அண்ணா:
டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க, கிலோபாஸ்கல்ல ரிப்போர்ட் பண்ணாதீங்க தங்கச்சி. மெஷின் அளக்கிறது வேகம் மட்டும்தான், அத வர்க்கம் பண்ணி அடர்த்தியால பெருக்கி 3ஆல பெருக்கித்தான் அந்த நம்பர் வருது. ஈரல் மாதிரி எல்லா பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற, தடிமனான திசுவுக்குத்தான் அந்த ஃபார்முலா. டெண்டன் சில மில்லிமீட்டர் தடிமன்தான், அதுலயும் நார் ஒரே திசையில ஓடுது, அலை குழாய்க்குள்ள போற மாதிரி அடைபட்டு போகும். உங்க 90, 210 ரெண்டையும் திரும்ப வேகத்துக்கு மாத்துனா நொடிக்கு 5.5, 8.4 மீட்டர், அதாவது ஒன்றரை மடங்கு, வர்க்கம் பண்ணதாலதான் ரெண்டு மடங்குக்கு மேல போய் பயமுறுத்துது. டைனமோமீட்டர்ல (தசை விசைய அளக்கிற கருவி) இழுத்துப் பாத்து சொல்ற டெண்டன் மாடுலஸ், அதாவது விறைப்பு எண், நூத்துக்கணக்கான மெகாபாஸ்கல்ல வரும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்றாதீங்க.

கிரவுண்ட்_பிசியோ:
ப்ராக்டிஸ் முடிச்சு நேரா வர்ற பையனுக்கு எடுக்காதீங்க, ஆடுறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் படுக்க வெச்சுட்டு எடுங்க. ஜம்பர்ஸ் நீ (குதிச்சு குதிச்சு இந்த டெண்டன்ல வர்ற பாதிப்பு) வலி முட்டி சில்லோட கீழ் முனைய ஒட்டித்தான் வரும், அந்த இடத்துல ஸ்கின் மார்க்கர்ல கோடு போட்டு அஞ்சு தடவை எடுத்து சராசரி பாருங்க. கூடவே வலியையும் ஆடுற திறனையும் கேக்குற விசா-பி கேள்வித்தாளும் குடுங்க, வலியில்லாத பையன்கிட்ட ஒரே ஒரு நம்பர வெச்சு உன் டெண்டன் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த பயத்துல குதிக்கவே மாட்டான்.

பிசியோ_மாணவி:
ரொம்ப நன்றி, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இன்னைக்கு போய் அளந்து பாத்தேன், ஒரு தலகாணில 15 டிகிரி, இன்னொண்ணுல 40 கிட்ட. 30ல நிறுத்தி அதே பையனுக்கு மூணு தடவை எடுத்தேன், நொடிக்கு 6.8, 7.1, 6.9 மீட்டர்! பழைய 14 பேர் டேட்டாவ ஏதாவது பண்ணி காப்பாத்த முடியுமா?

ஸ்கேன்_டாக்டர்:
கோணம் குறிக்கலன்னா முடியாதும்மா, திரும்ப எடுத்துடுங்க.

பிசியோ_மாணவி:
சரி சார், நாளைக்கு காலையிலயே கோச்கிட்ட கேட்டு எல்லாரையும் கூப்பிடுறேன்.