அந்தமானா, லட்சத்தீவா? முட்டுவலி மாமியாரும் நாலு வயது வாலும் கூட வருகிறார்கள்

களியக்காவிளை மருமகள்:
பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு ஏதாவது ஒரு தீவுக்குப் போய் வரலாம் என்று இருக்கிறோம். ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதில் மகன், நாலு வயதில் மகள், அப்புறம் மாமியார். மாமியாருக்கு 67 வயது, ரெண்டு முட்டும் தேய்ந்துபோய் படி ஏறுவதென்றால் பாடு, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"கடலைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகணுமா, தேங்காய்ப்பட்டணம் இருக்கே" என்று வீட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆனால் அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் விட முடியுமா? அலை காலடி மண்ணையே உருவிக்கொண்டு போகும். கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தும் என் மகன் இன்றுவரை முட்டளவுத் தண்ணீருக்கு மேல் நின்றதில்லை. அவன் ஒரு தடவையாவது கடலில் முங்கிக் குளிக்கணும், அவ்வளவுதான் என் ஆசை.

லட்சத்தீவில் மலையாளம் பேசுவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து மாமியார் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தமான். மாலத்தீவு வேண்டாம், ரெண்டு பேருக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், பாக்கேஜ் விற்பவர்கள் தயவு செய்து வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை:
லட்சத்தீவு போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மொத்தம் 36 தீவு, ஆள் இருப்பது பத்தில்தான். மாமியாருக்குப் பேச்சுத்துணை கிடைக்கும், ஆனால் மினிக்காய்க்குப் போனால் அங்கே மஹல் பேசுவார்கள், அது மாலத்தீவுப் பேச்சுக்கு உறவு. தண்ணீர் விஷயத்தில் அதை அடிக்க ஆளே இல்லை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை வரப்பு போட்ட மாதிரி நிற்கும், அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே இருப்பது குளம் மாதிரி. நாலு வயதுப் பிள்ளையை இடுப்பளவில் உட்கார வைத்துவிட்டு நாம் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கலாம்.

போவதுதான் வேலை. முன் அனுமதி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள், அதற்குப் போலீஸ் சான்று வேறு. கொச்சியிலிருந்து அகத்திக்குச் சின்ன விமானம் இருக்கிறது, இல்லாவிட்டால் கப்பல், தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். நாங்கள் போனது கப்பல் பாக்கேஜில், பகலில் தீவு, ராத்திரி கப்பலிலேயே தூக்கம்.

இப்போது உங்கள் மாமியார் விஷயம். கப்பல் பெரும்பாலும் கரையில் ஒட்டாது, ஆழம் போதாது. வெளியே நிற்கும், கரையிலிருந்து படகு வரும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறப்பார்கள். படகு ஒரு நிமிஷம் கதவு மட்டத்துக்கு ஏறும், அடுத்த நிமிஷம் மூன்றடி கீழே போய்விடும். மேலே வரும் சமயம் பார்த்து ரெண்டு பேர் நம் கையைப் பிடித்துக்கொண்டு "சாடு" என்பார்கள், அதாவது குதி, சாடணும். என் அம்மாவுக்கு முட்டு நன்றாக இருந்தும் மூன்றாவது "சாடு"க்குத்தான் கால் எழும்பியது. போகும்போது ஒன்று, திரும்பி ஏறும்போது ஒன்று, ஒவ்வொரு தீவுக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தக்கலைக்காரன்:
அப்படியானால் பேச்சே இல்லை, அந்தமான்தான். படகு ஜெட்டியில் கட்டும், பலகை போடுவார்கள், கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னையோ பெங்களூரோ மாறித்தான் போகணும். நாங்கள் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, அன்றைக்கு மீனம்பாக்கம் பக்கத்திலேயே அறை போட்டுத் தூங்கிவிட்டு, மறுநாள் காலை விமானம் பிடித்தோம். ரெண்டேகால் மணி நேரம். நம் நாட்டுக்காரர்கள் தலைநகர் போர்ட் பிளேர், பக்கத்துத் தீவுகள் ஹேவ்லாக், நீல் போக அனுமதி எதுவும் வாங்க வேண்டாம், அடையாள அட்டை போதும். ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் 2018-லேயே ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பேர் மாற்றியாயிற்று, போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகு டிக்கெட்டில் புதுப்பேர் இருந்தால் தப்பான ஊருக்குப் போட்டுவிட்டார்கள் என்று பதறாதீர்கள், நான் பதறினேன்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏஜென்ட் ஐந்து ராத்திரியில் மூன்று தீவு, பாராடாங் சுண்ணாம்புக் குகை எல்லாம் சேர்த்துக் கொடுத்தான். குகைக்கு விடியுமுன் கிளம்பி, வழியில் வாகனங்களை வரிசையாகச் சேர்த்து விடும்வரை காத்துக் கிடந்து, படகு மாறி, நடந்து, திரும்பி வருவதற்குள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எனக்கே அழுகை வந்துவிட்டது. கடைசியில் கடலில் கால் நனைத்தது மொத்தம் மூன்று மணி நேரம். நீங்கள் ஹேவ்லாக்கில் மூன்று ராத்திரி, போர்ட் பிளேரில் ரெண்டு ராத்திரி, அதோடு நிறுத்துங்கள்.

புளியரை டீச்சர்:
தக்கலைத் தம்பி சொன்னது சரி, ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு ஹேவ்லாக்கை விட நீல் நல்லது என்பேன். பரத்பூர் கடற்கரை ஆழமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், கண்ணாடி வைத்த படகும் அங்கேயே கிடைக்கும், மாமியாரும் பவளத்தைப் பார்த்துவிடலாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால் காலில் பவளம் குத்தும், ரப்பர் செருப்பு எல்லோருக்கும் எடுங்கள். ஓட்டல்காரரிடம் ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை காட்டுவார்கள், வற்றத்தில்தான் போக முடியும், வழுக்குப் பாறை, மாமியாரை நிழலில் உட்கார வைத்துவிடுங்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை அழகுதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் சில நாள் அலை இருக்கும். கழிமுகம் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் விளையாட்டாக எடுக்க வேண்டாம், நிஜமாகவே இருக்கிறது.

மகனுக்கு ஸ்கூபா கிடையாது, பத்து வயது ஆகணும். முகமூடி போட்டு மிதக்கவிடுவார்கள், அதுவே அவனுக்குப் போதும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நம்ம ஊரில் ஆறரைக்கு இறங்கும் சூரியன் அங்கே ஐந்தரைக்கெல்லாம் இறங்கிவிடும், கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாவகாசமாக ஐந்தே காலுக்கு ராதாநகர் போனோம், செருப்பைக் கழற்றுவதற்குள் இருட்டு. விடிவதும் ஐந்து மணிக்கே. அதனால் காலையில் குளியல், மத்தியானம் தூக்கம், மூன்றரைக்குத் திரும்பக் கடல் என்று வையுங்கள். மே மூன்றாம் வாரம் மழை தொடங்கிவிடும், ஏப்ரலைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையில் பணம் எடுத்துப் போங்கள், சின்னத் தீவுகளில் ஏடிஎம் குறைவு. சிப்பி, பவளத்துண்டு ஒன்றுகூடப் பையில் போடக் கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். பிள்ளைகளின் நிக்கர் பாக்கெட்டையும் தடவிப் பாருங்கள்!

களியக்காவிளை மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. "சாடு" கதையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து நிமிஷம் சிரித்துவிட்டு, "எனக்கு அந்தமான் மதி" என்று சொல்லிவிட்டார். ஹேவ்லாக் வேண்டாம், நீலில் மூன்று ராத்திரி, போர்ட் பிளேரில் ரெண்டு ராத்திரி என்று முடிவு. வீட்டுக்காரருக்கு செல்லுலார் சிறை பார்க்கணுமாம்.

அவருக்கு இப்போது சாப்பாட்டுக் கவலை. தேங்காய் அரைத்த மீன்குழம்பு கிடைக்குமா? மாமியார் மீன் ஊறுகாயும் கொஞ்சம் கொப்பரையும் கட்டி வைக்கிறேன் என்கிறார்.

தக்கலைக்காரன்:
போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லிக்கும் குழம்புக்கும் கஷ்டமில்லை. நீலில் பெரும்பாலும் வங்காளிகள், கடுகெண்ணெய் வாசம் வரும், சொல்லிவைத்தால் நம்ம பக்குவத்தில் வறுத்துக் கொடுப்பார்கள். சிறையில் கை மாதிரி நீளும் ஏழு கட்டடம் இருந்ததில் மூன்றுதான் மிச்சம், மாமியாரைக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே எல்லாம் படி.

ஊறுகாயை நன்றாக மூடி செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். கொப்பரை மட்டும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். எண்ணெய் இருக்கிறதால் தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும் சாமான் என்று விமானத்தில் தடை. என் அக்கா ஒரு கிலோவைத் திருவனந்தபுரத்தில் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சென்னைவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.