கோடை ஏரியில் கட்லா மேலே வாய் பிளக்கிறது, இரையைத் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?

ஏரிக்கரை_ஈரோடு:
வணக்கம். ஈரோடு பக்கத்து ஏரிகளில் சித்திரை வெயில் ஏறியதிலிருந்து கட்லா, ரோகு எதுவும் சரியாகக் கொத்துவதில்லை. விடிய 5 மணிக்குப் போனால் இந்தக் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆனால் முன்னால் விழும் இரையைச் சட்டை செய்வதில்லை. என் செட்: 7 அடி மீடியம் ராடு, 3000 அளவு ரீல், 0.30 மி.மீ. தூண்டில் நரம்பு. இரை மைதா உருண்டை. அதையும் பொடி ஜிலேபி மீன்கள் கரைத்துத் தின்றுவிடுகின்றன. மாற்ற வேண்டியது நேரத்தையா, இரையையா? அதே ஏரியில் விராலும் உண்டு. அதற்கு இந்த செட் போதுமா?

தக்கை:
இரண்டையும் மாற்றுங்கள், முதலில் நேரத்தை. அந்த மீன் வாய் திறப்பது பசிக்கு இல்லை, மூச்சுக்கு. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பாசி மண்டிய ஏரியில் ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுப்பதால், விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். வெயில் பட்டுப் பாசி ஆக்சிஜன் விடத் தொடங்கிய பிறகுதான் கெண்டை மேயும். கோடையில் காலை 7.30 முதல் 10 வரை, சாயங்காலம் 4.30-க்கு மேல் இருட்டும் வரை உட்காருங்கள். காற்று எந்தக் கரையில் வந்து மோதுகிறதோ அந்தக் கரை நல்லது. அலை தண்ணீரைக் கலக்கும். கட்லா தின்னும் நுண்ணுயிரிகளும் அங்கேதான் ஒதுங்கும்.

இரண்டு மூன்று நாள் மப்பாக இருந்து, ஏரி முழுக்க மீன் வாய் பிளந்தால் அன்றைக்குத் தூண்டிலே போடாதீர்கள். அந்த நிலையில் பிடித்து விடுகிற மீன் பிழைப்பது கஷ்டம்.

இரைக்கு: சலித்த தவிடு 2 பங்கு, கடலைப் புண்ணாக்குத் தூள் 1 பங்கு, மைதா அரைப் பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் ஓரம் உதிரத் தொடங்க வேண்டும். மைதா கூடினால் ரப்பர் மாதிரி இறுகி மணம் பரவாது. குறைந்தால் வீசும்போதே சிதறும். இதை நரம்பில் கட்டும் கம்பிச் சுருளை (ஸ்பிரிங்) சுற்றிப் பிடித்து, தூண்டில் முள்ளில் மட்டும் வேறு இரை. மக்காச்சோளத்தை 12 மணி நேரம் ஊறவைத்து, அரை மணி நேரம் வேகவைத்து முள்ளில் கோத்துவிடுங்கள். தோல் கெட்டி என்பதால் பொடி ஜிலேபி சீக்கிரம் பிய்க்காது. வேகாத சோளம் வேண்டவே வேண்டாம், மீன் வயிற்றில் போய் ஊதும்.

ஆழத்தையும் கவனியுங்கள். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அடியில் கிடக்கும் இரையைத் தேடி வருவது குறைவு. தக்கை கட்டி 3 அடி ஆழத்தில் தொங்க விடுங்கள். ரோகுவுக்கு நடுத்தண்ணீர், மிர்காலுக்குத் தரை.

சம்பங்கோரை:
விராலுக்கு நான் சொல்றேன். அது மேல வந்து காத்தை விழுங்குற மீன், அதனால மத்த மீன் திணறுற கோடையிலயும் சுறுசுறுப்பா இருக்கும். நீங்க போற 5 மணியை இதுக்கு வெச்சுக்கோங்க. அல்லி இலைக்கு நடுவுல, சம்பு ஓரத்துல "பளக்"னு ஒரு குமிழி வெடிச்சா, அதுக்கு ரெண்டடி தள்ளி ரப்பர் தவளையை (முள் வெச்ச போலி இரை) போட்டு இழுத்துட்டு வாங்க.

0.30 நரம்பு இதுக்கு ஆகாது. நீளும், அதனால முள் ஏறாது; கொடிக்குள்ள போனா அறுந்துடும். 30 முதல் 40 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுங்க.

விரால் தண்ணியை உடைச்சு அடிச்சதும் உடனே இழுக்குறதுதான் பெரும்பாலும் மீன் தப்புறதுக்குக் காரணம். தவளை மறைஞ்சு பிரெய்டு நகர்ற வரைக்கும், ஒரு ரெண்டு நொடி, பொறுத்து, தொய்வைச் சுத்தி எடுத்துட்டு பலமா இழுங்க. அப்பவும் தப்புதுன்னா முள் ரெண்டும் தவளை முதுகோட ஒட்டிக் கிடக்கான்னு பாருங்க. குறடால 2 மி.மீ. வெளிய விரிச்சா போதும். நாலஞ்சு வீச்சுக்கு ஒருக்கா தவளையை அமுக்கித் தண்ணியைப் பிழிஞ்சுடுங்க.

மழைக்காலத்துல செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் மேல மிதந்தா, கீழ காவல் மீன் நிக்குது. அங்க தவளை போட்டா கட்டாயம் அடிக்கும். ஆனா தயவுசெஞ்சு போடாதீங்க. காவல் போச்சுன்னா மத்த மீனுங்க அந்தக் கூட்டத்தை விட்டு வைக்காது.

மதகு:
உபகரணத்துக்கு முன்னால் அனுமதி. பெரும்பாலான ஏரிகள் மீன்பாசிக் குத்தகையில் (மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகை) இருக்கின்றன. குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான் மிஞ்சும். மேட்டூர், பவானிசாகர் என்றால் அங்கேயுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

காவிரியில் திமில் உள்ள மகசீர் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுங்கள். 2018-ல் உலக சிவப்புப் பட்டியலில் மிகவும் அருகிவிட்ட இனமாகச் சேர்க்கப்பட்ட மீன் அது. ஒகேனக்கல் பக்கக் காவிரியிலும் அமராவதி அணையிலும் முதலை உண்டு, முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.

கெளுத்தி, தேளி வந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பக்க முள்ளில் விஷம். குத்திவிட்டால் தாங்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த இடத்தை வையுங்கள், வலி இறங்கும். வீங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

ஏரிக்கரை_ஈரோடு:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். விராலுக்குப் புது ரீல் வாங்கணுமா?

சம்பங்கோரை:
வேண்டாம் தம்பி, 3000 ரீலே தாங்கும். ஆனா வெறும் ஸ்பூல்ல பிரெய்டைச் சுத்தினா மொத்தமா வழுக்கிச் சுத்தும், டிராக் (மீன் இழுத்தா நரம்பை விட்டுக் குடுக்குற பிரேக்) கெட்டுப்போச்சோன்னு தோணும். முதல்ல பழைய நரம்பை ஒரு 10 மீட்டர் சுத்திட்டு அதுமேல பிரெய்டை இறுக்கமா ஏத்துங்க. தவளையை நேரா பிரெய்டுலயே பாலோமர் முடிச்சுப் போட்டு, இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில்ல நனைச்சுக்கோங்க.