புதுப்பிப்பு: ஆர்ம் பலகையில் "வெக்டர் 28" பிழை – விடை கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய கேள்வி இதுதான்: 32 பிட் ஆர்ம் (ஒரு செயலி வகை) பலகையில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் "அன்எக்ஸ்பெக்டட் ஐஆர்க்யூ ட்ராப் அட் வெக்டர் 28" என்று வருகிறது, ஆனால் 28ஆம் இன்டரப்டில் (சாதனம் செயலியின் கவனத்தைக் கோரும் சமிக்ஞை, அதாவது ஐஆர்க்யூ) எந்தச் சாதனமும் இல்லையே?

"அந்த எண்ணை ஹெக்ஸாகப் படியுங்கள்" என்ற யோசனைதான் சரி. ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 28 என்றால் தசமத்தில் 40. அதற்குச் சில வரிகள் முன்னாலேயே "ஐஆர்க்யூ 40, டெஸ்க்" என்று எல்லாச் செயலிக்கும் பொதுவான கெர்னல் நிரல் தசமத்தில் அச்சிட்டிருக்கிறது. ஒரே நிகழ்வு, இரண்டு வரி, இரண்டு எண்முறை! ஹெக்ஸ் என்று காட்டும் 0எக்ஸ் குறியைக்கூட எண்ணுக்கு முன்னால் போடுவதில்லை. இங்கே வெக்டர் என்று வருவதும் உண்மையில் லினக்ஸின் ஐஆர்க்யூ எண்தான்.

எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி செயலிகளில்) நிலைமை வேறு. "1.55 நோ ஐஆர்க்யூ ஹேண்ட்லர் ஃபார் வெக்டர்" என்று வந்தால் 1 என்பது சிபியு, 55 என்பது நிஜமான வெக்டர் (செயலியின் சொந்த இன்டரப்ட் எண்), இரண்டுமே தசமம். அதை ஐஆர்க்யூ பட்டியலில் தேடக் கூடாது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: 64 பிட் ஆர்மில் அந்த "ட்ராப்" வரியே வராது, பிழை எண்ணிக்கை மட்டும் ஏறும். அப்புறம், இன்டரப்ட் எண்ணிக்கைகளைக் காட்டும் ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த எண்ணிக்கையின் 'எர்ர்' என்ற பெயர் எக்ஸ்86-இல் முழுக்கப் பெரிய எழுத்து, ஆர்மில் முதலெழுத்து மட்டும் பெரியது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் க்ரெப் என்ற தேடல் கட்டளையில் பெரிய-சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல் தேடுங்கள்.

இந்த "ட்ராப்" செய்தியை எல்லாச் செயலிக் கட்டமைப்பிலும் "ஐஆர்க்யூ" என்று சொல்லி, தசமத்தில் அச்சிடுவதே நியாயம். அதற்கான பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதிக்கொண்டிருக்கிறேன்.