அருளாளர் ரெஸ்டிடூட்டா: சாகடித்தது சிலுவைக்காகவா, பாட்டுக்காகவா?

காட்பாடி வாசகி:
எங்கள் அன்பியக் கூட்டத்தில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அருளாளர் மரிய ரெஸ்டிடூட்டா என்கிற கன்னியாஸ்திரியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசு தொங்கும் சிலுவை, மாட்டினதற்காக நாஜிகள் தலையை வெட்டினார்கள் என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். என் தம்பியோ, ஹிட்லருக்கு எதிரான பாட்டுக்குத்தான் தண்டனை, அது அரசியல், மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) என்று எப்படிச் சொல்வது என்கிறான். எது சரி?

ராணிப்பேட்டை நர்ஸ்:
அக்கா, இரண்டும் உண்டு. நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவள், அதனால் இவர் கதை என்றால் எனக்குத் தனிப் பாசம். செருப்புத் தைக்கிறவர் மகள், பிறந்தது 1894-இல், இப்போதைய செக் நாட்டு பிர்னோ பக்கம், வளர்ந்தது வியன்னாவில். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, வியன்னா பக்கத்து மோட்லிங் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கே பொறுப்பு நர்ஸாக இருந்தார். புதுப் பிரிவு கட்டினதும் அறைக்கு அறை சுரூபம் மாட்டிவிட்டார். நாஜிகள் எடு என்றார்கள், எடுக்கவில்லை. அவரை மாற்று என்றார்கள், அவர் இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்று சபை சொல்லிவிட்டது. அங்கேயே இருந்த ஒரு நாஜி டாக்டர் காத்திருந்து காட்டிக்கொடுத்தார். 1942 பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன், தியேட்டரில் வேலையாக இருந்தவரை அங்கிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆரணி:
கேஸ் நின்றது பாட்டில்தான். ஆஸ்திரியப் பட்டாளத்தார் ஹிட்லருக்காக இல்லை, தங்கள் நாட்டின் விடுதலைக்குத்தான் ஆயுதம் எடுக்க வேண்டும் என்கிற பாட்டு; அதை இவர் டைப் அடிக்க வைத்திருந்தார். எதிரிக்கு உதவி, தேசத்துரோகத்துக்கு முன்னேற்பாடு என்று குற்றம் சாட்டி அக்டோபர் 29-இல் மரண தண்டனை. வியன்னா கர்தினால் கருணை கேட்டும், மற்றவர்களுக்குப் பயம் வரணும் என்று ஹிட்லரின் வலதுகையான போர்மன் மறுத்துவிட்டார். 1943 மார்ச் 30, கில்லட்டின். வயது 48. உடலைக்கூடச் சபைக்குத் தரவில்லை.

அரசியல் என்று உங்கள் தம்பி ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். சிலுவையை இறக்கு என்று உத்தரவு போட்டவன்தான் பிள்ளைகளைச் சண்டைக்கும் அனுப்பினான், இவர் இரண்டுக்கும் முடியாது என்றார், இதில் விசுவாசத்தை எங்கே தனியாகப் பிரிப்பது?

காட்பாடி வாசகி:
நன்றி அண்ணா, நன்றி சிஸ்டர். அப்போ பாட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிறையில் என்ன செய்தார்?

ராணிப்பேட்டை நர்ஸ்:
கூட இருந்த கைதிகளைப் பார்த்துக்கொண்டார், தன் சாப்பாட்டையும் கொடுத்தார்; பிழைத்து வந்தவர்கள் கட்சி, மதம் பாராமல் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதை விரிவாகச் சொல்லுங்கள் அக்கா, அவர்களுக்கு இதுதான் பிடிபடும். 1998 ஜூன் 21-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வியன்னாவுக்கே வந்து அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுத்தார். திருநாள் அக்டோபர் 29, தீர்ப்பு வந்த அதே தேதி.